நீண்ட மேற்கோள்: உள்ளே தள்ளினால் போதுமா?

3 மார்ச் 2024, கேள்வி

ஐயா, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடைப் பாசனம் பற்றி ஒரு வலைத்தளம் அமைத்து வருகிறேன். பெரியவர்கள் சொன்னவற்றையும் பழைய அறிக்கைகளின் பத்திகளையும் நீளமாக எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் பிளாக்கோட் (blockquote) என்ற டேக்குக்குள், அதாவது குறிச்சொல்லுக்குள், போட்டால் பத்தி உள்ளே தள்ளி நிற்கிறது. டிவ் என்ற பொதுவான பெட்டி டேக்கைப் போட்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் இரு புறமும் 40 பிக்சல் ஓரம் கொடுத்தாலும் அப்படியேதான் நிற்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும்போது தனியாக ஒரு டேக் எதற்கு? பிளாக்கோட் என்பது வெறும் உள்தள்ளல்தான் என்பது என் எண்ணம். தவறென்றால் சொல்லுங்கள்.

3 மார்ச் 2024, இரவு

தவறுதான், தம்பி. அதே எண்ணத்தோடு நானும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பக்கங்கள் அமைத்திருக்கிறேன்.

நான் கணினிக்கு வந்தது அச்சகத்திலிருந்து. 1980களில் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். நூலின் எழுத்து 10 பாயிண்ட்டில் ஓடினால், நீண்ட மேற்கோளை 8 பாயிண்ட்டில் கோப்பார்கள். வரியின் இரு முனையிலும் எம் குவாட் என்ற எழுத்தில்லாத வெற்றுக் கட்டை ஒன்றை வைத்து உள்ளே தள்ளுவார்கள். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் நான் எழுதும் குறிப்பில் 'மேற்கோள்' என்ற சொல்லே இருக்காது, '8 பா., உள்' என்று மட்டும் இருக்கும். கம்பாசிட்டருக்கு அது யாருடைய பேச்சு என்பது தேவையில்லை, எத்தனை பாயிண்ட் என்பது தெரிந்தால் போதும். அந்தப் பழக்கத்தோடு ஹெச்டிஎம்எல்லுக்கு வந்த எனக்குப் பிளாக்கோட் இன்னொரு குவாட் கட்டையாகவே தெரிந்தது.

அந்த டேக்குக்கு வகுத்த பொருள் வேறு. 1995 நவம்பரில் வெளியான ஹெச்டிஎம்எல் 2.0 விவரக்குறிப்பிலேயே, அதாவது அந்த மொழியின் விதிகளைச் சொல்லும் ஆவணத்திலேயே, அது இருக்கிறது. வேறோர் இடத்திலிருந்து எடுத்த பகுதி என்பதுதான் அதன் பொருள். சற்று உள்ளே தள்ளியோ சாய்வெழுத்திலோ காட்டலாம் என்பதை அங்கே ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே சொன்னார்கள். உலாவிகள் உள்தள்ளலைப் பிடித்துக்கொண்டன. பக்கம் அமைப்பவர்களோ உள்தள்ளலுக்காகவே டேக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஹெச்டிஎம்எல் 4, வெறுமனே உள்ளே தள்ளுவதற்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது, அதற்குச் சிஎஸ்எஸ் இருக்கிறது என்று எழுதியே வைத்தது. யார் கேட்டார்கள்?

எனக்குப் புத்தி வந்தது ஒரு விபத்தினால். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி வாய்க்கால்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். 1906இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியரின் ஒரு பத்தியைத் தமிழாக்கி, டிவ்வுக்குள் 40 பிக்சல் தள்ளிப் போட்டு, அதன் கீழே அந்தப் பத்தியின் கருத்தை மறுத்தும் எழுதியிருந்தேன். ஒரு கோயிலின் குடமுழுக்கு மலருக்காக யாரோ அந்தப் பக்கத்தை நகலெடுத்திருக்கிறார்கள். மலரில் உள்தள்ளல் இல்லை. வெள்ளைக்கார அதிகாரியின் கருத்தும் என் பெயரில், அதற்கான மறுப்பும் என் பெயரில். நானே ஒன்றைச் சொல்லி அடுத்த பத்தியிலேயே நானே அதை மறுத்திருந்தேன். 'பாவம், வயதாகிவிட்டது' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். பிளாக்கோட் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

4 மார்ச் 2024

நேற்று விட்டுப்போன ஒன்று. 'கண்ணுக்கு இரண்டும் ஒன்று' என்று எழுதியிருந்தீர்கள். கண் வழியாகப் படிக்காதவரை நினைத்துப் பாருங்கள். திருவாரூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை வைத்துக்கொண்டு தினமும் நாலைந்து மணி நேரம் கேட்டே படிக்கிறவர். என் பழைய பக்கத்தை அவருக்கு அனுப்பியபோது, கெசட்டியர் பத்தி எங்கே தொடங்கியது என்பதும் எங்கே முடிந்தது என்பதும் அவருக்குத் தெரியவேயில்லை. 40 பிக்சலுக்கு ஒலி கிடையாது. டிவ்வை எடுத்துவிட்டுப் பிளாக்கோட் போட்டு மறுபடி அனுப்பினேன். மேற்கோளுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் மென்பொருள் அறிவித்திருக்கிறது. 'இப்போதுதான் இரண்டு பேர் பேசுகிறார்கள்' என்றார்.

உலாவிகளில் இருக்கும் படிப்புப் பார்வையும் அப்படித்தான். நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் டேக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு அது தன் பாணியில் பக்கத்தைக் கட்டும். பிளாக்கோட் அங்கே பிழைத்திருக்கும். உங்கள் டிவ்வின் ஓரம் போய்விடும்.

5 மார்ச் 2024

மடையைத் திறந்தால் அடைக்கவும் வேண்டும். உங்கள் முகப்புப் பக்கத்தில் இரண்டாவது பிளாக்கோட்டுக்கு முடிவு டேக் இல்லை, ஆகையால் அதற்குக் கீழுள்ள நெல் ரகப் பட்டியல், உங்கள் புகைப்படம், தொலைபேசி எண் எல்லாமே 1906ஆம் ஆண்டு அறிக்கையின் பகுதியாக நிற்கின்றன.

9 மார்ச் 2024

இனிச் சொல்லப்போவது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய தொல்லை. ஆங்கிலத்தில் 'அவர் சொல்கிறார்' என்பது முன்னால் வந்துவிடும். முக்காற்புள்ளி வைத்து மேற்கோளைக் கொடுத்துவிட்டால் வாக்கியம் முடிந்தது. தமிழ் வாக்கியம் அப்படி முடிவதில்லை. 'என் பாட்டனார்' என்று தொடங்கி, பதினைந்து வரி மேற்கோள் ஓடி, 'என்று சொல்லுவார்' என்று வினை வந்த பிறகே வாக்கியம் நிறைவடைகிறது. மேற்கோளின் இரு பக்கமும் என் வாக்கியம். நடுவில் பிறர் பேச்சு.

இதை அப்படியே டேக்குகளில் எழுதப்போனேன். பத்திக்கான பி டேக்கைத் திறந்து, 'என் பாட்டனார்' என்று எழுதி, உள்ளேயே பிளாக்கோட்டைத் திறந்து மூடி, 'என்று சொல்லுவார்' என்று முடித்துப் பி டேக்கை மூடினேன். பார்த்தால் 'என்று சொல்லுவார்' என்பதற்கும் அடுத்த பத்திக்கும் நடுவில் ஒரு வெற்றிடம். அந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் பத்திக்குரிய வரி இடைவெளியும் இல்லை. சரிபார்ப்புக் கருவியில் கொடுத்தேன். திறந்த பி எதுவும் இல்லாமல் மூடும் பி இருப்பதாகக் குற்றம் சாட்டியது. திறந்ததை என் கண்ணால் பார்க்கிறேன், இல்லை என்கிறதே என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க அதோடு சண்டை போட்டேன்.

காரணம் இதுதான். பி டேக்குக்குள் பிளாக்கோட் இருக்கக் கூடாது. உலாவி பிளாக்கோட்டின் தொடக்கத்தைக் கண்டவுடன், திறந்திருக்கும் பத்தியைத் தானே மூடிவிடுகிறது. மேற்கோள் முடிந்தபின் வரும் 'என்று சொல்லுவார்' எந்தப் பத்தியிலும் சேராமல் அநாதையாக நிற்கிறது. அதற்கும் பின்னால் நான் எழுதிய மூடும் டேக்குக்குத் திறப்பு இல்லாததால், உலாவி ஒரு வெறும் பத்தியைத் தானே உண்டாக்கி மூடுகிறது. அந்த வெற்றிடம் அதனால் வந்தது.

ஆகவே வாக்கியத்தை மூன்றாக வெட்டத்தான் வேண்டும்: முன்பகுதிக்கு ஒரு பி, நடுவில் பிளாக்கோட், வால்பகுதிக்கு இன்னொரு பி. அந்த இரண்டாவது பத்திக்குத் சிஎஸ்எஸ் அடையாளம் காண்பதற்காகத் தனியாக ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து முதல்வரி உள்தள்ளலை எடுத்துவிடுங்கள். அச்சகத்தில் நாங்கள் செய்ததும் அதுவே. மேற்கோளுக்குப் பின் 'என்று' வந்தால் ஓரத்தை ஒட்டித் தொடங்குவோம், அது புதுப் பத்தி அல்ல, பழைய வாக்கியத்தின் மிச்சம் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

'இவ்வாறு சொல்லுவார்' என்று முன்னாலேயே முடித்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார். இல்லைதான். நானும் பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு டேக்குக்காக என் வாக்கியத்தின் முதுகெலும்பை வளைப்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, அம்மா.

10 மார்ச் 2024

மூல இணைய முகவரியைப் பிளாக்கோட்டின் சைட் (cite) என்ற பண்புக்கூற்றில், அதாவது டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரத்தில், கொடுத்தால், சுட்டியை மேலே கொண்டுபோகும்போது தெரியும் என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். பிழை. அப்படித் தெரிவது டைட்டில் பண்புக்கூறு. சைட்டில் எழுதியதை உலாவிகள் வாசகருக்குக் காட்டுவதில்லை. அது நிரல்கள் எடுத்துக் கணக்குப் பார்ப்பதற்கே முதன்மையாக உரியது, வாசகருக்கானது அன்று என்று இன்றைய விவரக்குறிப்பே சொல்கிறது. மூலத்தை வாசகர் பார்க்க வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எழுதுங்கள்.

17 மார்ச் 2024

இன்னொரு சைட்டும் இருக்கிறது. இது பண்புக்கூறு அன்று, தனி டேக். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. தமிழில் வலைத்தளத்தையும் சைட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். போன வாரம் ஒரு பையனிடம் தொலைபேசியில் 'சைட்டில் சைட்டுக்குள் சைட் போட்டாயா?' என்று கேட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

சைட் டேக் ஒரு படைப்பின் பெயருக்கு உரியது. நூல், கட்டுரை, அறிக்கை ஆகியவற்றின் தலைப்பை அதற்குள் எழுதலாம். எழுதியவரின் பெயரை எழுதலாமா என்பதில்தான் வழக்கு. 2014இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு வெளியிட்ட ஹெச்டிஎம்எல்5 பரிந்துரை ஆசிரியர் பெயரையும் அனுமதித்தது; யார் சொன்னது என்ற குறிப்பைப் பிளாக்கோட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. வாட்விக் என்ற மற்றொரு குழுவின் விவரக்குறிப்பு இரண்டையும் மறுத்தது: மனிதர் பெயர் படைப்பின் பெயர் அன்று, யார் சொன்னது என்ற குறிப்பு பிளாக்கோட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். 2019இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து, வாட்விக்கின் விவரக்குறிப்பையே ஒரே விவரக்குறிப்பாக ஏற்றுக்கொண்டன. ஆகையால் இன்றைய விதி 'வெளியே' என்பது.

முதலில் இது வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 'தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியர், 1906' என்று நான் எழுதும் வரி கெசட்டியரின் வரி அல்லவே, என் வரி. அதை அவர்கள் பேச்சுக்குள் ஏன் வைக்க வேண்டும்? ஃபிகர் என்ற டேக்கைத் திறந்து, அதற்குள் பிளாக்கோட்டை வைத்து, அதன் கீழே ஃபிக்கேப்ஷன் என்ற டேக்கில் மூலக் குறிப்பை எழுதினால் இரண்டும் ஒட்டியும் நிற்கும், கலக்கவும் கலக்காது. ஃபிகர் என்றதும் படம் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள்; படம் இல்லாமலும் அதைப் பயன்படுத்தலாம்.

போகிற போக்கில் ஒன்று: சைட் டேக்குக்குள் இருப்பதை உலாவிகள் சாய்வெழுத்தில் காட்டும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவம் தனியாக இல்லை. உலாவியே எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது. 'ஞ', 'ண' எல்லாம் காற்றில் விழுந்த வாழை போல் கிடக்கும். சிஎஸ்எஸ்ஸில் சாய்வை நீக்கிவிடுங்கள்.

24 மார்ச் 2024

செய்யுள். கோயில் பக்கங்கள் அமைக்கும் நண்பர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில், ப்ரீ டேக் வேண்டாம். வரி முறிவுகள் அப்படியே நிற்கின்றன என்ற ஆசையில் பலர் பதிகங்களை அதில் போடுகிறார்கள். எழுத்துரு மாறிவிடும், நீண்ட அடி மடங்காமல் திரைக்கு வெளியே ஓடும், கைப்பேசியில் விரலால் இழுத்து இழுத்துத் தேவாரம் படிக்க வேண்டிவரும்.

பிளாக்கோட்டுக்குள் ஒரு பாடலுக்கு ஒரு பி, ஓர் அடிக்கு வரியை முறிக்கும் ஒரு பிஆர் என்பது சரியான முறை. பிஆர் டேக்கைத் தாராளமாகப் பயன்படுத்தக் கூடிய இடங்களில் செய்யுளும் ஒன்று. ஆனால் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். கைப்பேசித் திரையில் நான்காம் சீர் மடங்கிக் கீழே விழுகிறது. மூன்று வரியாகத் தெரிகிறது: மூன்று சீர், ஒரு சீர், மூன்று சீர். யாப்புப் படிக்கும் பிள்ளை அதைப் பார்த்து என்ன பாவினம் என்று எழுதும்? மடங்கிய சீர் சற்று உள்ளே தள்ளி நின்றால் அது முதலடியின் மிச்சம் என்பது புரிந்துவிடும். பத்திக்கு இடப்பக்கம் 2 எம் (எழுத்தின் அளவை ஒட்டிய அலகு) இடம் கொடுத்து, முதல்வரிக்கு அதே அளவு எதிர்மறை உள்தள்ளல் கொடுங்கள்.

25 மார்ச் 2024

நேற்றுச் சொன்னது அரைகுறை. முதல்வரி உள்தள்ளல் பத்தியின் முதல் வரிக்கு மட்டுமே பொருந்தும்; பிஆருக்குப் பின் வரும் அடிகளை அது தொடாது. நாலடிப் பாடலில் முதலடி மட்டும் ஓரத்தில் நிற்க, மற்ற மூன்றும் அடியும் மடங்கலும் ஒரே கோட்டில் நின்றதைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். ஒவ்வோர் அடியையும் வரிக்குள் ஒரு பகுதியைச் சுற்றிக்கட்டும் தனித்தனி ஸ்பான் டேக்கில் இட்டு, அதைத் தொகுதியாகக் காட்டச் சொல்லி, இடமும் எதிர்மறை உள்தள்ளலும் அந்த ஸ்பானுக்குக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலை. தேடி மாற்றும் கருவி இருந்தால் ஒரு பதிகத்துக்கு ஐந்து நிமிடம்.

2 ஏப்ரல் 2024

மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போது அகலத்தைக் கணக்குப் பாருங்கள். 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசித் திரை. பக்க ஓரம் இரு புறமும் 8 போக 344. உலாவி தானாகக் கொடுக்கும் ஓரம் பிளாக்கோட் ஒவ்வொன்றுக்கும் இரு புறமும் 40. ஒன்றுக்குள் 264, அதற்குள் இன்னொன்று போட்டால் 184, மூன்றாவதில் 104. அந்த 104 பிக்சலில் 'தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது' என்ற ஒரு சொல் நுழையட்டும் பார்க்கலாம். ஆங்கிலத்துக்குப் பொருந்தும் ஓரம் நம் சொற்களின் நீளத்துக்குப் பொருந்தாது. வலப்பக்க ஓரத்தை முழுக்க எடுத்துவிட்டு, இடப்பக்கம் 1 எம்மும் ஒரு மெல்லிய கோடும் போதும்.

21 ஏப்ரல் 2024

மார்ச் 3ஆம் நாள் குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். பிளாக்கோட் போட்டிருந்தால் மலர் விபத்து நடந்திருக்காது என்று எவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். சோதித்துப் பார்க்காமல் எழுதியது.

நேற்று என் பழைய பக்கத்தை, இப்போது பிளாக்கோட், ஃபிகர் எல்லாம் ஒழுங்காக இருக்கும் வடிவத்தில், கைப்பேசியில் திறந்து மூன்று பத்திகளை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினேன். மூன்றும் ஓரத்தை ஒட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக, எந்த வேறுபாடும் இல்லாமல் விழுந்தன. மலரைத் தட்டச்சு செய்தவரும் இப்படித்தான் வெறும் எழுத்தாக ஒட்டியிருப்பார். டேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கைக்கு வந்திருப்பது ஒன்றே.

சரி, வரிக்குள் வரும் குறுகிய மேற்கோளுக்கான கியூ டேக்காவது தாங்குமா என்று பார்த்தேன். அதில் மேற்கோள் குறிகளை நாம் எழுதக் கூடாது, உலாவியே போடும் என்பது ஹெச்டிஎம்எல் 4 காலத்திலிருந்து உள்ள விதி. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8க்கு முந்தைய பதிப்புகள் குறிகளைப் போடாததால் அந்த டேக்கை அக்காலத்தில் யாரும் சீந்தவில்லை. இப்போதைய உலாவிகள் போடுகின்றன. திரையில் அழகாக இரட்டைக் குறிகள் தெரிந்தன. என் கைப்பேசியின் குரோமிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். குறிகளைக் காணோம். அவை எழுத்தின் பகுதி அல்ல, சிஎஸ்எஸ் வரைந்தவை. பந்தலில் கட்டிய தோரணம் பந்தலோடு போய்விட்டது.

எல்லாம் போன பிறகும் ஒட்டிய பகுதியில் ஒன்று மட்டும் அப்படியே நின்றது. வேறொரு பத்தியில் நான் 'என்று அந்த அறிக்கை கூறுகிறது' என்று முடித்திருந்தேன். உள்தள்ளலும் இல்லை, குறியும் இல்லை. இருந்தும் அது யார் பேச்சு என்பதில் ஐயமே எழவில்லை. மலரில் என்னைக் கவிழ்த்த பத்திக்கு அந்த வால் இல்லை. முன்னால் 'கெசட்டியர் கூறுவது:' என்று மட்டும் எழுதி, முடிவைச் சொல்லும் வேலையை 40 பிக்சலிடம் ஒப்படைத்திருந்தேன். மார்ச் 9இல் மன்னார்குடி அம்மையாருக்கு நான் சொன்ன பதிலுக்குக் காரணம் இப்போதுதான் எனக்கே பிடிபடுகிறது.

நம் உரையாசிரியர்களுக்கு மேற்கோள் குறி ஏது? ஓலையில் மூலம், உரை, மேற்கோள் என்று பிரித்துக்காட்டும் குறிகள் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். 'என்றார்', 'என்ப', 'என' என்ற சொற்களே வேலி. உ.வே.சாமிநாதையர் எங்கள் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு, நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அந்த உரையில் பெயர் சொல்லாமல் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூல்களில் உள்ளவை என்று அவர் தேடித் திரிந்த கதை தெரியும்தானே. எங்கிருந்து வந்தவை என்பது தெரியாவிட்டாலும், அவை பிறர் பாட்டு என்பதைக் காட்டியவை அந்த வேலிச் சொற்கள்தாம்.

இதனால் பிளாக்கோட் வேண்டாம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். திருவாரூர் நண்பருக்கு அது வேண்டும், படிப்புப் பார்வைக்கு வேண்டும். அதோடு 'என்று' என்ற வாலும் வேண்டும் என்பதே நான் சேர்ப்பது.

23 ஏப்ரல் 2024

வாட்ஸ்அப்பிலேயே இப்போது வரியின் தொடக்கத்தில் 'விடப் பெரியது' என்னும் கணக்குக் குறியை இட்டு ஓர் இடைவெளி விட்டால் மேற்கோள் ஆகிவிடுகிறதே என்று ஒருவர் சொல்கிறார். ஆம், இந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த வசதி. மின்னஞ்சலில் பழைய நாளிலிருந்து இருக்கும் வழக்கம் அது; 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட, வெறும் எழுத்தை ஹெச்டிஎம்எல்லாக மாற்றும் மார்க்டவுனும் அதே குறியைத்தான் பிளாக்கோட்டாக மாற்றுகிறது. ஆனால் ஒட்டுகிறவர் கையால் போட வேண்டும். மலர் தட்டச்சு செய்கிறவர் போடுவாரா?

12 ஜூன் 2024

மேட்டூர் இந்த ஆண்டு இன்று திறக்கவில்லை. குறுவைக்குப் போகவேண்டிய பொழுதை மொழிபெயர்ப்புக் கேள்விக்குச் செலவிடுகிறேன்.

ஆங்கில அறிக்கையை நானே தமிழாக்கினால் அது மேற்கோளா? என் முடிவு: பிளாக்கோட்டில் போடலாம், ஆனால் தமிழாக்கம் என்னுடையது என்று ஃபிக்கேப்ஷனில் எழுத வேண்டும். ஆங்கிலத்தையே எடுத்துப் போட்டால், பிளாக்கோட்டுக்கு லாங் என்ற பண்புக்கூற்றில் ஆங்கிலம் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் என் நண்பரின் மென்பொருள் வெள்ளைக்காரக் கலெக்டரைத் தமிழ்க் குரலிலேயே பேச வைக்கும். அவர் அதை ஒரு நகைச்சுவைக் காட்சி போல் நடித்துக் காட்டுவார்.

கல்வெட்டு இதைவிடச் சிக்கல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்தால், அதிலுள்ள வரி எண்கள் ராஜராஜன் வெட்டச் சொன்னவை அல்ல, பதிப்பாசிரியர் இட்டவை. சிதைந்த எழுத்துகளுக்கான அடையாளங்களும் அப்படியே. மேற்கோளில் சுருக்கவும், விளக்கத்துக்காகச் சேர்க்கவும் விவரக்குறிப்பு இடம் தருகிறது. அந்தந்த மொழியின் எழுத்து வழக்கப்படி அதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் சேர்ப்பதை எல்லாம் பகர அடைப்புக்குள் இடுகிறேன். வரி எண்களைத் தனி ஸ்பானில் இட்டு, நகலெடுக்கும்போது தேர்வாகாதபடி சிஎஸ்எஸ்ஸில் தடுத்திருக்கிறேன். இல்லாவிட்டால் மாணவர் ஒருவர் ஒட்டும் பத்தியில் மன்னன் கொடுத்த கழஞ்சுக் கணக்கோடு வரி எண்ணும் சேர்ந்து, பொன் கூடிவிடும்.

16 ஜூன் 2024

வாய்மொழியாகச் சொன்னதும் மேற்கோள்தான். பெரியவர் 'தலமடயில அடச்சுப்புட்டானுவொ' என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். 'தலைமடையில் அடைத்துவிட்டார்கள்' என்று திருத்திவிட்டுப் பிளாக்கோட்டுக்குள் வைக்காதீர்கள். திருத்தியது உங்கள் வாக்கியம். அதற்குரிய இடம் வெளியே உள்ள பி.

4 ஆகஸ்ட் 2024

தம்பி, உங்கள் தளத்தை முழுக்கப் பார்த்தேன். முடிவு டேக்குகள் எல்லாம் சரியாகிவிட்டன; ஃபிக்கேப்ஷனும் வந்துவிட்டது; கைப்பேசியில் ஓரமும் அளவாக இருக்கிறது. முள்ளியாற்றுப் பக்கத்தில் மூன்றாவது மேற்கோளை மட்டும் மறுபடி பாருங்கள். உங்கள் தாத்தா வடிகாலைப் பற்றிச் சொன்ன பத்தி, 'என்றார் தாத்தா' என்று முடிகிறது. அந்த இரண்டு சொற்களும் பிளாக்கோட்டுக்கு உள்ளே இருக்கின்றன. தாத்தா தம்மைத் தாமே தாத்தா என்று சொல்லிக்கொள்ளவில்லை. மூடும் டேக்கை இரண்டு சொல் முன்னால் நகர்த்தி, அவற்றுக்குத் தனியாக ஒரு பி கொடுத்துவிடுங்கள்.